தோட்டத்தில் இல்லாத வீடு

சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஆறு மாத விசாவில் போய்த் தங்கும் பெற்றோரை வார இறுதியில் எங்கே கூட்டிப் போவது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. சிவப்புத் தொங்குபாலம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், கடற்கரை, அப்புறம் கோல்டன் கேட் பூங்காவுக்குள் இருக்கும் ஜப்பானியத் தேநீர்த் தோட்டம். வயதானவர்களுக்கு ஏற்ற இடம் என்று கடைசி இடத்துக்கு நல்ல பெயர். ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த பூங்காவில் இந்தத் தோட்டம் சுமார் 5 ஏக்கர்தான். அவசரமில்லாமல் நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். குளம், குளத்தில் வண்ண மீன், பாசி பிடித்த கல்விளக்கு, ஐந்தடுக்குச் சிவப்புக் கோபுரம், முரசைக் குறுக்கே வெட்டி நிறுத்தியதுபோல் செங்குத்தாக எழும்பி இறங்கும் மரப்பாலம், கடைசியில் கோப்பையில் சூடான பச்சைத் தேநீர். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இவ்வளவு அமைதியான இடமா என்று வியக்கிறோம். அந்த அமைதிக்கு நடுவே ஒரு குடும்பத்தின் வீடு இருந்தது என்பதும், அரசு அந்தக் குடும்பத்தை வெளியேற்றியபின் அது இடிக்கப்பட்டது என்பதும், வீடு நின்ற இடத்தில் இன்று தாழ்வாக ஒரு சிறு குளத்தோட்டம் இருக்கிறது என்பதும் நடந்து போகிறவர் காலுக்குத் தட்டுப்படுவதில்லை. தட்டுப்பட வேண்டும் என்பதே என் வாதம். வரலாற்றைச் சொல்ல அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, தோட்டத்தை விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் இந்த வகைத் தோட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அந்த வீட்டைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கருவி வேறு கிடையாது.

முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம். சுற்றி நடப்பதற்கென்றே அமைத்த தோட்டம் ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், பெரும் நிலப்பிரபுக்களின் மாளிகைகளில் செழித்தது. ஒக்காயாமாவின் கோராக்குயென் 1700இலும் தோக்கியோவின் ரிக்குகியென் 1702இலும் முடிந்தவை. மித்தோ நகரத்துக் காய்ராக்குயென் 1842இல் திறக்கப்பட்டபோதே, பிரபு தன் குடிமக்களோடு சேர்ந்து மகிழும் இடம் என்ற பொருளில்தான் அதற்குப் பெயர் வைத்தார். இந்தத் தோட்டங்களில் எந்த ஓர் இடத்தில் நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியாது. பாதை வளையும், ஒரு புதர் மறைக்கும், நான்கு எட்டு வைத்தால் குளத்தின் ஒரு மூலை தெரியும், மறுபடி மறையும். மியெகாகுரே என்கிறார்கள். தெரிவதும் மறைவதும் என்று சொல்லலாம். நடக்கிறவர் தன் விருப்பத்துக்கு நடப்பதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் எங்கே குனிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பாதை போட்டவர் முன்னரே தீர்மானித்திருக்கிறார்.

தரையில் பதித்த நடைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் உருவம், ஒவ்வோர் உயரம், இடைவெளியும் ஒன்றுபோல் இருக்காது. கால் தவறிவிடுமோ என்று தானாகவே தலை குனிகிறது, பேச்சு நிற்கிறது. சற்று தூரத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றும்படி அகலமான கல் ஒன்று வரும். அங்கே நின்று நிமிர்ந்தால், காட்ட வேண்டிய காட்சி கண்ணுக்கு நேரே இருக்கும். இந்தக் கல்லை எப்படிப் பதிப்பது என்பதில் 16ஆம் நூற்றாண்டிலேயே பெரிய மனிதர்களுக்குள் கருத்து வேறுபாடு. தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூ நடப்பதற்கு ஆறு பங்கு, பார்வைக்கு நான்கு பங்கு என்றாராம். அவருடைய சீடர் ஃபுருத்தா ஒரிபே அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினாராம். காலுக்குச் சுகமா, கண்ணுக்கு நிறைவா என்பது பழைய வழக்கு. முரசுப் பாலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நடந்து கடக்க முடியாத செங்குத்து அது, கையும் காலும் பிடிமானம் தேடி ஏற வேண்டும். உச்சிக்குப் போனால் மூச்சு வாங்க நின்றே ஆக வேண்டும். நிற்கும்போதுதான் கீழே இருக்கும் நீரைக் கவனிப்போம். தேநீர்க் குடிலுக்குப் போகும் பாதைகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. கைக்குள் அடங்கும் ஒரு கல்லைக் கறுப்புக் கயிற்றால் பொட்டலம்போல் கட்டிப் பாதை நடுவில் வைத்துவிடுவார்கள். ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று அர்த்தம். அறிவிப்புப் பலகை இல்லை, வேலி இல்லை, காவலாளி இல்லை. ஒரு கல் போதும். ஒரு கல்லை வைத்து இவ்வளவு பேசத் தெரிந்த கலைக்கு, ஒரு வீடு இருந்ததைச் சொல்வது கடினமான காரியமா?

இனி வீட்டுக்கு வருவோம். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சான் பிரான்சிஸ்கோ, 1894இல் தன் பூங்காவில் ஒரு குளிர்காலக் கண்காட்சி நடத்தியது. அதில் ‘ஜப்பானிய கிராமம்’ ஒன்றை அமைத்தவர் ஜார்ஜ் டர்னர் மார்ஷ் என்ற ஆஸ்திரேலியர், கீழைநாட்டுக் கலைப்பொருள் வணிகர். முரசுப் பாலத்தைக் கட்டியவர் ஹிரோஷிமா பகுதியிலிருந்து வந்த ஷின்ஷிச்சி நாகதானி. கண்காட்சி முடிந்தது, மற்றவை பெரும்பாலும் கலைக்கப்பட்டன. ஜப்பானிய கிராமம் தோட்டமாக நிலைத்ததற்குக் காரணம் மகோதோ ஹகிவாரா என்ற குடியேறி. 1895 முதல் பொறுப்பேற்றார். 1900இல் பொறுப்பு கையை விட்டுப் போனது. உடனே பூங்காவுக்கு வெளியே சொந்தமாக ஒரு தேநீர்த் தோட்டம் நடத்திக் காட்டினார். 1907இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஓர் ஏக்கர் அளவில் தொடங்கியதை இன்றைய பரப்புக்கு வளர்த்ததும், ஜப்பானிலிருந்து செடி, மீன், கல்விளக்கு என்று தருவித்ததும் அவர்தான். குடும்பமே தோட்டத்துக்குள் குடியிருந்தது. 1925இல் அவர் இறந்தபின் மகள் தகானோவும் மருமகனும், பிறகு பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள். கண்காட்சிக்கென்று போட்ட கொட்டகையை நிரந்தரமான இடமாக்கியது இந்தக் குடும்பத்தின் உடலுழைப்பு. அதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த வகைத் தோட்டத்தில் ஒரு பைன் மரம் மேகத்தட்டு அடுக்கியதுபோல் நிற்கிறதென்றால், இளவேனிலில் குருத்துகளை விரலால் கிள்ளியும், இலையுதிர் காலத்தில் பழைய ஊசியிலைகளைக் கிளை கிளையாக உருவியும், ஆண்டுதோறும் கவாத்து செய்தும் யாரோ அதை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். சில ஆண்டுகள் விட்டுவிட்டால் அது வெறும் பைன் மரம். நாம் ‘இயற்கை’ என்று மெய்மறந்து நிற்கும் காட்சி யாரோ ஒருவருடைய விரல் வேலை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு அமெரிக்கா மோதிக்கொண்டிருந்த 1942 பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே குதிரை லாயங்களில் தங்க வைக்கப்பட்டார்கள். பிறகு யூட்டா பாலைவனத்து டோபாஸ் முகாம். ஹகிவாரா குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. வீடு போயிற்று, ஷிந்தோ வழிபாட்டு மாடம் போயிற்று. தோட்டத்தின் பெயர் ‘கீழைத்தேயத் தேநீர்த் தோட்டம்’ ஆனது. தேநீர் பரிமாறிய ஜப்பானியப் பெண்களுக்குப் பதிலாகச் சீனப் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். பழகிய கைகள் போனதும் தோட்டம் சீரழிந்தது. ‘ஜப்பானிய’ என்ற சொல் பெயர்ப்பலகைக்குத் திரும்பியது 1952இல். ஜப்பானில் பிறந்து குடியேறியவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் மாறியதும் அதே ஆண்டில்தான். அரை நூற்றாண்டு அந்த மண்ணைப் பண்படுத்திய தலைமுறைக்கு அதுவரை குடிமக்களாகும் உரிமையே கிடையாது. பெயர் திரும்பி வந்தது. குடும்பம் மட்டும் தோட்டத்துக்குள் திரும்பிக் குடியேற விடப்படவில்லை.

(இடையில் ஒரு சிறு செய்தி. சீன உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் தரும் அதிர்ஷ்டச் சீட்டு பிஸ்கட்டை அமெரிக்காவில் பரப்பியவர் ஹகிவாரா என்று ஒரு வலுவான உரிமைகோரல் உண்டு. தேநீரோடு அதைப் பரிமாறியது இந்தத் தோட்டத்தில்தான். ஜப்பானியர் முகாம்களுக்குப் போனபின் அந்த வியாபாரம் சீனர் கைக்கு மாறியது என்பது பலர் சொல்லும் காரணம். தோட்டத்துக்கு நேர்ந்தது பிஸ்கட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.)

நகரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 1974இல் ஹகிவாரா குடும்பத்தின் நினைவாக நுழைவாயில் அருகே ஒரு வெண்கலப் பட்டயம் பதிக்கப்பட்டது. அதைச் செய்தவர் ரூத் அசாவா, சிறுமியாக இருந்தபோது தானே முகாமில் அடைபட்டிருந்த புகழ்பெற்ற சிற்பி. 1986இல் வாசலை ஒட்டிய சாலைக்கு ஹகிவாரா பெயர் வைக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டபோது குடும்பம் பிரிய நேர்ந்த குறுமரங்கள் வேறொரு குடும்பத்தின் வளர்ப்பில் இருந்து, 1960களில் தோட்டத்துக்கே திரும்பி வந்தன. உலா அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளும் கதையைச் சொல்லத்தான் செய்கிறார்கள். இவ்வளவு செய்தபின் இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். குறை இடத்தில் இருக்கிறது. பட்டயம் வாசலில், சாலை வெளியே. இரண்டும் நடை தொடங்குவதற்கு முன்னரே முடிந்துபோகின்றன. நுழைவுச்சீட்டு வாங்கும் அவசரத்தில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, குடையை மடக்கிக்கொண்டு யாரும் வெண்கலம் படிப்பதில்லை. உள்ளே போனபின் கால் எங்கெங்கே நிற்க வேண்டுமென்று முடிவு செய்யும் பாதை, வீடு நின்ற இடத்தில் நம்மை நிறுத்துவதில்லை. அழகான தாழ்தோட்டம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எளிமையானது, நெஞ்சைத் தொடுவதும்கூட. மக்கள் இங்கே வருவது மன அமைதிக்காக. வாரம் முழுக்க அலுவலகம், செய்தி, சண்டை என்று கழித்தவர்களை இங்கேயும் ஏன் வதைக்க வேண்டும்? தோட்டமாவது அரசியல் இல்லாமல் இருக்கட்டுமே. அமைதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தில் அரசியல் இல்லாத கல்லைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தோட்டத்தில் நிற்கும் 4 டன் எடையுள்ள வெண்கல அமைதி விளக்கு, ஜப்பானியக் குழந்தைகள் சில்லறைக் காசு சேர்த்து வாங்கி 1953இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. குண்டு விழுந்த நாட்டுப் பிள்ளைகள், குண்டு போட்ட நாட்டுக்கு. அதைவிட அரசியலான பொருள் ஏது? அதே ஆண்டில்தான் நாகாவோ சாகுராய் வடிவமைத்த நீரில்லாக் கல்தோட்டமும் வந்தது. பெயரை அழித்ததும் அரசியல், பெயரைத் திருப்பித் தந்ததும் அரசியல். இரு நாடுகளின் சமாதானத்தைச் சொல்லும் அரசியல் தோட்டத்துக்குள் வரலாம், ஒரு நகரம் தன் சொந்தக் குடும்பத்துக்குச் செய்ததைச் சொல்லும் அரசியல் மட்டும் வாசலோடு நிற்க வேண்டும் என்றால், அதற்கு அமைதியைக் காரணமாகச் சொல்ல முடியாது. தூரத்துச் சமாதானம் பேச எளிது, அவ்வளவுதான்.

தோட்டத்தின் அமைதி துயரத்தின் பக்கத்தில் நிற்காது என்ற எண்ணமும் தவறு. அதற்கு ஆதாரம் முகாம்களே தருகின்றன. கலிபோர்னியாவின் மான்சனார் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும், வெயிலிலும் புழுதிக் காற்றிலும் மூன்று வேளையும். நிற்கிறவர்கள் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று உணவுக்கூடங்களின் பக்கத்தில் கைதிகளே குளமும் பாறையும் பாலமுமாகத் தோட்டம் போட்டார்கள். ஒரு குளத்துக்கு ‘மூன்று மூட்டைக் குளம்’ என்று பெயர். குளம் கட்ட மூன்று மூட்டை சிமென்டுக்குத்தான் அனுமதிச் சீட்டு. அந்த ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டி வேண்டிய சிமென்டை வாங்கிவிட்டார்கள்! முள்வேலிக்குள் இருந்தவர்கள் வேலியை மறக்கத் தோட்டம் போட்டார்கள் என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. காவல் கோபுரம் கண்ணில் படும் இடத்திலேயே குளமும் இருந்தது, இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். போருக்குப்பின் மண் மூடிய அந்தத் தோட்டங்களைத் தேசியப் பூங்காத் துறை தொல்லியலாளர்களை வைத்துத் தோண்டி எடுத்திருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் வறண்ட குளத்தின் விளிம்பில் நிற்கிறார்கள். அழகாகவும் இருக்கிறது, தொண்டையும் அடைக்கிறது. கைதிகளாக இருந்தவர்களுக்கே தாங்க முடிந்த சேர்க்கையைச் சுற்றுலாப் பயணியால் தாங்க முடியாது என்று நாமாக ஏன் முடிவு கட்ட வேண்டும்?

இரண்டாவது மறுப்பு ரசனைக்காரர்களிடமிருந்து வருவது. இது உண்மையான ஜப்பானியத் தோட்டமே இல்லை என்பார்கள். கண்காட்சிக்கென்று ஒரு வணிகர் போட்டது, சிவப்புக் கோபுரம் 1915ஆம் ஆண்டின் இன்னொரு கண்காட்சியிலிருந்து வந்தது, புத்தர் சிலையை ஒரு கடைக்காரக் குடும்பம் கொடுத்தது, எல்லாம் கலவை. இதற்குப் போய் வரலாற்று மரியாதை எதற்கு? கலவை என்பது உண்மை. கியோத்தோவின் கோயில் தோட்டத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர் இங்கே வந்தால் பல இடங்களில் முகம் சுளிப்பார். ஆனால் இந்த மறுப்பு எனக்கு எதிரான வாதமாக வரவில்லை, துணையாகத்தான் வருகிறது. கியோத்தோவின் அளவுகோலில் இந்தத் தோட்டத்துக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். அப்படியானால் இதன் மதிப்பு எதில் இருக்கிறது? குடியுரிமைக்கு வழியில்லாத நாட்டில், சொந்தமில்லாத பொது நிலத்தில், ஒரு குடியேறி தன் ஊரை நினைவிலிருந்து எடுத்து நட்டதில் இருக்கிறது. கலிபோர்னியா 1913இல் போட்ட சட்டப்படி அவர்கள் விவசாய நிலம் வாங்கவும் முடியாது. இது ஜப்பானின் நகல் என்று பார்த்தால் சுமார், ஜப்பானிய அமெரிக்கர்களின் அசல் என்று பார்த்தால் நாட்டிலேயே முதன்மையானது. அமெரிக்காவில் இன்றும் இருக்கும் பொது ஜப்பானியத் தோட்டங்களில் பழமையானது என்ற பெருமையை நகரம் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பழமையை உண்டாக்கிய குடும்பத்தைப் பாதையிலிருந்து விலக்கி வைத்துவிட்டுப் பழமையை மட்டும் எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்?

தமிழ் வாசகர் சிலருக்கு மூன்றாவதாக ஒரு தயக்கம் வரலாம். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அதே போரில் ஜப்பான் ராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனது. ஆயிரக்கணக்கானவர்கள் காட்டிலேயே மாண்டார்கள். அவர்களுக்கு இந்தத் தோட்டத்தைப்போல நினைவிடம் எங்கே இருக்கிறது, ஜப்பானியர் துயரத்துக்கு நாம் ஏன் உருக வேண்டும் என்ற கேள்வியில் நியாயமான வலி இருக்கிறது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குடும்பம் சயாமில் யாரையும் சாகடிக்கவில்லை. முகத்தைப் பார்த்து, அந்த முகம் கொண்ட ராணுவத்தின் குற்றத்தை இவர்கள் தலையில் ஏற்றியதுதான் 1942இல் நடந்த பிழை. அதே பிழையை நாமும் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே 1980களில் இதை ஆராய்ந்து, ராணுவத் தேவை எதுவும் இருக்கவில்லை, இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் அரசியல் தலைமையின் தோல்வியும்தான் காரணம் என்று எழுதி வைத்தது. 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். சயாம் காட்டில் இறந்தவர்களுக்கு இது போன்ற ஒன்று நடக்கவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி அவர்களுக்கு ஏன் இல்லை என்பது. இவர்களுக்கு எதற்கு என்பதல்ல.

மற்ற ஊர்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்பதும் பயன்படும். டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குள் நகரம் அமைத்த ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் இருக்கிறது. ஜிங்கு என்ற குடும்பம் அங்கேயே குடியிருந்து தேநீர்க்கடையும் நடத்தியது. அவர்களையும் 1942இல் வெளியேற்றிவிட்டு, ‘சீனத் தேநீர்த் தோட்டம்’ என்று பெயரை மாற்றினார்கள். மரக்கிளைகளைக் கட்டியதுபோலவே தோன்றும் சிமென்டு நுழைவு வளைவு ஒன்று அங்கே உண்டு, மெக்சிகோவிலிருந்து வந்த கைவினைஞர் டியோனிசியோ ரொட்ரிகெஸ் செய்தது. அதில் அந்தப் புதுப் பெயரைப் பொறித்தார்கள். 1984இல் நகரம் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. வளைவை மட்டும் உடைக்கவில்லை, எழுத்தை மாற்றவும் இல்லை. இன்றைக்கும் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துக்குள் ‘சீனத் தேநீர்த் தோட்டம்’ என்று எழுதிய வளைவின் கீழேதான் நுழைய வேண்டும். தலையை நிமிர்த்திப் பார்த்தவர் கட்டாயம் கேட்பார், இதென்ன குழப்பம் என்று. அந்த ஒரு கேள்வி போதும். திட்டமிட்டு விட்டார்களோ, செலவுக்குப் பயந்து விட்டார்களோ, தவறு அழியாமல் பாதையின் மேலேயே நிற்கிறது. அதனால் அந்தத் தோட்டத்தின் அமைதி குறைந்துபோனதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண ஜோடிகள் அதே வளைவின் கீழ் படம் எடுத்துக்கொள்ளக்கூடும், அதிலும் தவறில்லை. சியாட்டிலில் இன்னொரு வகை. ஃபுஜிதாரோ குபோத்தா என்பவர் 1927இல், சட்டம் தன் பெயரில் நிலம் வாங்கவிடாததால் நண்பர் பெயரில் 5 ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். போரில் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனார், அங்கேயும் தோட்டம் போட்டார். திரும்பி வந்து, காடாகிக் கிடந்த தன் தோட்டத்தை மறுபடி சீர்செய்தார். 1987இல் நகரம் அதை வாங்கிப் பொதுத் தோட்டமாக்கியது. குபோத்தா தோட்டம் என்றுதான் பெயர், கட்டணம் கிடையாது. அங்கே யாருடைய தோட்டத்தில் நடக்கிறோம் என்று தெரிந்தே நடக்கிறோம்.

நடைமுறையாளர்கள் கடைசியாக ஒன்று சொல்வார்கள். தோட்டம் பூராவும் பலகை நட்டால் தோட்டம் பலகைக் காடாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் பலகைகள் வேண்டாம். எந்தச் சுற்றுலா இடத்திலும் பத்து வரிக்கு மேல் எழுதிய பலகையை முழுதாகப் படித்தவர்கள் குறைவு, அதன் முன் நின்று படம் எடுத்தவர்கள்தான் அதிகம். தோட்டத்தின் மொழியிலேயே சொல்ல வேண்டும். தாழ்தோட்டத்தின் ஓரத்தில் பாதையைக் கொஞ்சம் வளைத்து, இரு காலும் ஊன்ற ஓர் அகலமான கல்லைப் பதித்து, நிமிர்ந்தால் வீடு நின்ற இடம் நேரே தெரியும்படி முன்னிருக்கும் புதரைக் கவாத்து செய்தால் போதும். கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குத் துண்டுத்தாளும் வழிகாட்டியும் கைப்பேசியும் இருக்கின்றன. விரும்பாதவர் இங்கே ஏதோ ஒன்று தன்னை நிறுத்தியது என்ற உணர்வோடு போகட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அந்த இடம் எட்ட வேண்டும். ஆகவே அகலக் கல்லைப் பாதை மட்டத்துக்கே பதிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் ரிக்யூ பக்கம்.

கூடவே இன்னொரு கல்லும். ஜப்பானிய வீடுகளில் தரைமட்டத்துக்கும் உயர்ந்த தாழ்வாரத்துக்கும் நடுவே தட்டையான பெரிய கல் ஒன்று போட்டிருப்பார்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறுவதற்காக. குத்சுனுகி கல் என்று பெயர். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஹகிவாரா வீட்டின் வாசல் இருந்திருக்கக்கூடிய இடத்தில், பின்னால் எதுவும் கட்டாமல் வெறுமனே போட்டுவிடலாம். குழந்தைகள் அதில் ஏறிக் குதிப்பார்கள், மழை பெய்தால் குழியில் நீர் நிற்கும், சிலர் உட்காருவார்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கம் போயிருக்கும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம். செருப்பு கழற்றும் கல்லைக் கண்டதும் அவர்கள் கண் தானாக வீட்டைத் தேடும்.